ரிமோட் டெஸ்க்டாப் வாங்கப்போகிறீர்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் போய்க் கணக்கு எழுதுவது என் வேலை. "எங்கள் கம்ப்ரஷனில் (திரைக்காட்சியைச் சுருக்கி அனுப்புவதில்) பத்து மடங்கு வேகம், தாமதமே இருக்காது" என்று சொன்ன ஒரு மென்பொருளுக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன்.

சோதனைக் காலத்தில் இரண்டு கணினியையும் ஒரே வைஃபையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், பறந்தது. ஒரே வீட்டுக்குள் எந்த மென்பொருளும் பறக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பணம் கட்டிய பிறகு வெளியிலிருந்து இணைத்தால், தட்டிய எழுத்து திரையில் விழ ஒரு நொடி வரை ஆனது. இணைப்பு விவரத்தைத் திறந்தேன். நேரடி இணைப்பே இல்லை; எங்கோ தொலைவில் இருக்கும் அவர்களுடைய ரிலே சர்வர் வழியாக எல்லாம் சுற்றி வருகிறது. கேட்டதற்கு, "கம்ப்ரஷனைக் கூட்டுங்கள்" என்று பதில் வந்தது. கம்ப்ரஷன் டேட்டாவைத்தான் குறைக்கும், தூரத்தை எப்படிக் குறைக்கும்? சரி என்று கூட்டியும் பார்த்தேன். அலுவலகத்தில் இருப்பது பழைய கணினி. அதன் சிபியு சுருக்கிச் சுருக்கியே நூறு சதவீதத்தில் போய் நின்றது. இருந்த வேகமும் போனது.

சுருக்காமல் அனுப்ப முடியாதுதான். 1920×1080 திரையை நொடிக்கு 60 முறை அப்படியே அனுப்பினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வரும். ஆனால் எதை விட்டுவிட்டுச் சுருக்குகிறோம் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டாமா? இவர்கள் அனுப்புவது 4:2:0 என்ற முறையில். அதாவது வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகும், நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் போகும். வீடியோ பார்க்க அது தாராளம். என் கணக்குத் தாளில் நிலுவைத் தொகை சாம்பல் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்தச் சிவப்பும் சாம்பலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. எழுத்தின் வடிவத்தைக் காட்டுவதே நிறம்தான். அதையே குறைத்துவிட்டால்? ஓரங்கள் கசிந்து, 8 எது 3 எது என்று தெரியவில்லை. 38,450 என்று போக வேண்டிய தொகை 33,450 என்று போய்விட்டது. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்தி அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க மனசு ஆறவில்லை.

முழு நிறம் வேண்டுமென்றால் 4:4:4 வேண்டும், அது மேல் பிளானில்தான் கிடைக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறையான ஆர்டிபி 10-இலேயே ஏவிசி 444 என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது.

சோதனைக் காலம் முடிந்ததால் பணம் திரும்பாதாம். தானாகப் புதுப்பிப்பதை மட்டும் வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஒரு பத்தியை வேகமாகத் தட்டுங்கள், ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், சாம்பல் பின்னணியில் சின்னச் சிவப்பு எண்களைப் படியுங்கள். இணைப்பு நேரடியா ரிலேயா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு கார்டை எடுங்கள்.