அம்மாவின் வேதாகமமும் ஆண்டர்சன் தெரு பைண்டிங் கடையும்

பழைய வேதாகமத்தைப் பிரித்துத் தைத்து அட்டை போட்டுத் தரும் இடம் சென்னையில் எங்கே இருக்கிறது என்று மூன்று மாதம் தேடினேன். ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போடலாம் என்றார்கள். ஒருவர் புரட்டிக்கூடப் பார்க்காமல், "புதுசே வாங்கிக்கலாமே மேடம்" என்றார். கடைசியில் சபையில் ஒரு அக்கா சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

ஆண்டர்சன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடி. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கும் பேப்பர் கடைகளுக்கும் நடுவில் 'பைண்டிங்' என்று மட்டும் எழுதிய சின்னப் பலகை. மாடிப்படி செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் வேலை செய்யும் பையன் இறங்கி வந்து வாங்கிக்கொள்வான். மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு இரும்பு பிரஸ், ஒரு கட்டிங் மிஷின், பசைச் சட்டி. பூச்சி அரிக்காமல் இருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலக்கிறார்கள். அந்த வாசனை படியிலேயே வரும். கடைக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் கொண்டுபோனது அம்மாவின் வேதாகமம். 1975இல் அவர்கள் கல்யாணத்துக்குக் கிடைத்தது. 2019இல் அம்மா இறந்தபின் என்னிடம் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பெரம்பூர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பிளைவுட் கட்டில் ஊறி உப்பிவிட்டது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு மெத்தை எல்லாம் போயின. வேதாகமம் பீரோ மேல் இருந்ததால் நனையவில்லை. ஆனால் அந்த ஈரக் காற்றில் வாரக்கணக்காக இருந்ததில், ஏற்கெனவே தளர்ந்திருந்த முதுகு விட்டுப்போய், முதல் புத்தகமான ஆதியாகமமும் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷமும் தனியாகக் கழன்று கையில் வந்தன.

அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் உடனே திரும்ப வாங்கினேன். போன ஃப்ரிட்ஜ் 190 லிட்டர், தவணையில் வாங்கியது 260. கட்டிலும் பழையதைவிடப் பெரிது. கூடவே ஆன்லைனில் ஒரு வேதாகமம், ஜிப் வைத்த தோல் அட்டையோடு. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பல பேர் கையில் அப்படி ஒன்று இருந்தது, எனக்கும் ஆசை. எட்டே மாதத்தில் அந்தத் 'தோல்' பொரிந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. மாதம் 5ஆம் தேதி தவணைப் பணம் கணக்கிலிருந்து போகும். 4ஆம் தேதி இரவு தூக்கம் வராது. பெரிய கட்டிலில்தான் படுத்திருந்தேன்.

அந்த மனதோடுதான் பாய் கடைக்கும் போனேன். தோலில் போட முடியுமா, ஓரம் மூன்றுக்கும் தங்க நிறம் அடிக்க முடியுமா, செலவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் ஒரு சுத்தமான துணியை விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஐந்து நிமிடமாவது இருக்கும்.

"தோலு வேணாம்மா. நம்ம ஊரு காத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், தொடைச்சிக்கிட்டே இருக்கணும். ஓரத்துக்குக் கலர் அடிக்கணும்னா மூணு பக்கமும் அறுக்கணும். ஓரத்துல அம்மா என்னென்னமோ எழுதி வச்சிருக்காங்களே, அதெல்லாம் போயிடும். காலிக்கோ துணி போதும்."

தோல் என்றால் அவருக்கு இன்னும் ஆயிரம் ரூபாயாவது கூடக் கிடைத்திருக்கும். நான் தரத் தயாராகத்தான் இருந்தேன்.

படி இறங்கும்போது அந்தப் 'போதும்' கூடவே வந்தது. "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று 1 தீமோத்தேயு 6:6இல் இருக்கிறது. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம். அந்த வசனத்தில் நான் தேவபக்தியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டிருந்தேன். ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்கிறேன், ஆனால் அடுத்த வீட்டுக்கு ஏசி வந்தால் வயிறு எரிகிறது. கடன் கவலைக்கும் அந்த எரிச்சலுக்கும் ஜெபத்தில் நிவாரணம் கேட்டிருக்கிறேனே தவிர, "எனக்கு இது போதும் ஆண்டவரே" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இனி பாய் செய்த வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய நூலை முழுவதும் அறுத்து, பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்களின் கட்டு கட்டாகப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, கையாலேயே திரும்பத் தைக்கிறார். வேதாகமத் தாள் வெங்காயச் சருகு மாதிரி. ஊசி கொஞ்சம் இழுத்தாலும் கிழியும். மடிப்பு விட்ட இடங்களிலும், கடைசியில் பவுலின் பயண வரைபடத்தில் கிழிந்த இடத்திலும், மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டியிருக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். முதுகுக்குத் துணிப்பட்டை, மேலே கருநீலக் காலிக்கோ, அடையாளத்துக்கு இரண்டு சிவப்பு நாடா. இப்போது எந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் தானாக மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் பதினேழு நாள் எடுத்துக்கொண்டார், இரண்டு முறை வீணாக அலைந்தேன். அட்டையில் தங்க எழுத்தில் 'பரிசுத்த வேதாகமம்' என்பதில் ஓர் எழுத்து லேசாக இறங்கியிருக்கிறது. முதல் பாரத்தையும் கடைசிப் பாரத்தையும் பலத்துக்காக மேல்தையல் போட்டதால், ஆதியாகமத்தின் முதல் சில பக்கங்களில் வரியின் தொடக்க எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். கூலி 650 ரூபாய், பணமாக மட்டும்தான் வாங்குகிறார்.

அம்மாவுடையது பழைய மொழிபெயர்ப்பு. 1871இல் போதகர் பவர் ஐயர் தலைமையில் வந்த அதற்கு, முந்தைய நூற்றாண்டிலேயே அடித்தளம் போட்டவர் வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர். மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தை அவர் வட்டிக்கு விட, அது திரும்பி வரவில்லை. முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791இல் இங்கேதான் இறந்தார். பணத்தில் இடறிய ஒருவரின் கை வழியாகவும் இந்த வசனங்கள் நமக்கு வந்திருக்கின்றன என்பது, தவணைக்குப் பயந்து விழித்திருந்த எனக்குப் பெரிய ஆறுதல்.

புத்தகத்தோடு பாய் ஒரு பழுப்புக் கவரையும் கொடுத்தார். பிரிக்கும்போது உள்ளே கிடைத்தவை: காய்ந்த குருத்தோலைச் சிலுவை, என் தம்பியின் பாஸ்போர்ட் அளவுப் படம், ஒரு ரேஷன் பில், நான்காக மடித்த ஓர் அடகுச் சீட்டு. ஒவ்வொன்றையும் சின்னத் தாளில் சுற்றி, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலில் பக்க எண் குறித்திருந்தார். நான் கேட்காத வேலை. இதற்குக் கூலியும் வாங்கவில்லை.

அடகுச் சீட்டு பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பக்க ஓரத்தில் '12-6-89 செயின்' என்று அம்மா எழுதியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏதோ செயின் வாங்கிய நாள், ஸ்தோத்திரத்துக்காகக் குறித்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். சீட்டிலும் அதே தேதி. அது வாங்கிய நாளில்லை, வைத்த நாள். அந்த ஜூன் மாதம்தான் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அதன்பிறகு அம்மா கழுத்தில் தாலிக் கயிறு தவிர எதையும் நான் பார்த்ததில்லை. கேட்டால், கழுத்தில் கனமாக இருந்தால் வேர்க்கிறது என்பார்கள்.

அந்த அதிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது 13ஆம் வசனம்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." ஆட்டோ முதுகிலிருந்து அலுவலக மேஜை வரை ஒட்டியிருக்கிறோம். வேலை உயர்வுக்கும் வீட்டுக் கடனுக்கும் அதைச் சொல்லி ஜெபிக்கிறோம். அம்மா கோடு போட்டிருந்தது அதற்கல்ல. இரண்டு வசனம் மேலே, சிறையில் கட்டுண்டிருந்த பவுல் எழுதியதற்கு: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." அதிலும் 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லின் கீழே மட்டும் இரண்டு கோடு.

சீட்டைத் திரும்ப அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஜிப் வைத்த வேதாகமத்தின் உதிர்ந்த அட்டையைப் பிரித்துவிட்டு அதையும் பாயிடம் கொடுத்திருக்கிறேன், சாதாரணக் காலிக்கோதான். என் மகள் விடுதிக்குப் போகும்போது எடுத்துப் போவாள்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். ஓரத்தில் எழுத்து இருந்தால் அறுக்க வேண்டாம் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் தாள், பூ, சீட்டு எதையும் வீட்டிலேயே உதறி எடுத்துவிடாமல் அப்படியே கொடுங்கள். எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவர் குறித்துத் தருவார்.