கேட் புஷ் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' எல்பி - பி சைடுக்காகவே வாங்கலாம்

நானும் எல்லாரையும் மாதிரி 2022ல ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரீஸ் பாத்துட்டுதான் இங்கிலாந்து பாடகி கேட் புஷ் பக்கம் வந்தேன், இதுல மறைக்க ஒண்ணுமில்ல. இந்த ஆல்பத்துல இருந்து 1985ல பிரிட்டன் சார்ட்ல 3வது இடத்தோட நின்னுபோன 'ரன்னிங் அப் தட் ஹில்', அந்த சீரீஸ்ல வந்ததால 37 வருஷம் கழிச்சு நம்பர் ஒன் ஆச்சு. ஆனா அந்த ஒரு பாட்டுக்காக இந்த ரெக்கார்ட வாங்காதீங்க, அதுக்கு போனே போதும்.

சமாச்சாரம் பி சைடுல, அதாவது ரெக்கார்டோட ரெண்டாவது பக்கத்துல இருக்கு. 'தி நைன்த் வேவ்'னு ஏழு பாட்டு, எல்லாம் ஒரே கதை. ராத்திரி நடுக்கடல்ல ஒரு பொண்ணு லைஃப் ஜாக்கெட்டோட தனியா மெதந்துட்டு இருக்கா, கண்ணு சொக்குது, தூங்குனா கதை முடிஞ்சுது. முதல் பாட்டு முக்காவாசி பியானோவும் குரலும்தான், அப்புறம் ஐஸ், அப்புறம் எந்திரி எந்திரின்னு எங்கெங்கிருந்தோ குரலுங்க, அப்புறம் ஆவி மாதிரி தன் வீட்டுக்கே போறா, அங்க ஒருத்தருக்கும் இவ நிக்கிறது தெரியல. எனக்கு தொண்டை அடைச்சது அங்கதான். 'ஜிக் ஆஃப் லைஃப்'ல ஐரிஷ் ஃபிடில் பறக்குது (அவங்க அம்மா அயர்லாந்துக்காரங்க). நடுவுல ஸ்கிப் பண்ணா எல்லாம் போச்சு, எல்பில அந்த தொல்லை இல்ல, ஊசிய வெச்சுட்டு உக்காந்துரலாம்.

இதுக்கு முந்தின ஆல்பம் 'தி ட்ரீமிங்' 1982ல செலவு ஜாஸ்தி, விற்பனை கம்மி. அடுத்தவங்களா இருந்தா கம்பெனி சொல்றத கேட்டு அடங்கியிருப்பாங்க, இவங்க அப்பா அம்மா வீட்டுப் பக்கத்துல இருந்த பண்ணைக் கொட்டகைல சொந்தமா ஸ்டூடியோ போட்டு, மணிக்கணக்கு வாடகை பயம் இல்லாம ஃபேர்லைட்ங்கிற சாம்ப்ளர் மெஷின (எந்த சத்தத்தையும் பதிஞ்சு கீபோர்டுல வாசிக்கலாம்) வெச்சு நிதானமா செதுக்குனாங்க. அது ஒவ்வொரு சவுண்டுலயும் தெரியுது. 1979ல ஒரு டூர் போனதோட சரி, அடுத்து 2014ல லண்டன் ஹேமர்ஸ்மித்ல 22 ஷோ, அதுல இந்த பி சைட முழுசா மேடைல நடிச்சே பாடியிருக்காங்க. பாத்தவங்க மேல எனக்கு செம பொறாமை.

குறைன்னா, ஏ சைடுல இருக்கற 'தி பிக் ஸ்கை' எனக்கு ஒட்டவே இல்ல, ஒரே கத்தல். பி சைடு ஆரம்பம் ரொம்ப மெல்லிசா இருக்கறதால துளி தூசி இருந்தாலும் கரகரன்னு கேக்கும், தொடைச்சுட்டு போடுங்க. எனக்கு வந்த பார்சல்ல அட்டை மூலை மடங்கி இருந்துச்சு, கடைக்காரர் மெயிலுக்கு பதிலே போடல. நல்லவேளை அட்டைல இருக்கற ரெண்டு நாய்க்கும் ஒண்ணும் ஆகல, அதுங்க பேரு பானி, க்ளைட்.

இல்லப்பா எனக்கு 'வுதரிங் ஹைட்ஸ்'தான் வேணும்னா (அவங்களே எழுதி, 19 வயசுல நம்பர் ஒன் ஆன பாட்டு), 'தி ஹோல் ஸ்டோரி' தொகுப்ப அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. அதுல 1986ல புதுசா பாடி குரல மாத்தி வெச்சிருக்காங்க. 78ல வந்த அந்த கீச்சுக் குரலே வேணும்னா அவங்க முதல் ஆல்பம் 'தி கிக் இன்சைட்' தேடுங்க.