15100-க்கு போன் போட்டோம்: இலவச சட்ட உதவி பற்றி என் அனுபவம்

"இலவச வக்கீல்தானே, வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருச் சண்டை வழக்கு ஒன்றில் என் அக்கா மகனை ராத்திரி 11 மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்தப் பிரிவு என்றுகூட ஸ்டேஷனில் சொல்லவில்லை. இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு அடித்து விவரம் கேட்டுக்கொண்டு, காலையில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது, 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது.

வந்தவர் இளம் வக்கீல். முதலில் பையனைத் தனியாக நிறுத்தி எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா, கைதுக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு, கைது செய்யாமல், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்தே கூப்பிட்டிருக்கலாமே என்று நின்று வாதாடினார். ரிமாண்ட் ஆனது, ஆனாலும் ஒன்பதாம் நாள் ஜாமீன். எஃப்.ஐ.ஆர். நகலின் பின்பக்கம் சிவப்பு மையில் ஒரு தேதி எழுதித் தந்தார்: 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது நம் உரிமை, பெரிய குற்றம் என்றால் 90.

குறையும் உண்டு. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த ராத்திரி ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை, எங்களுக்கு ஆள் தேவைப்பட்டதே அப்போதுதான். சட்ட உதவி கேட்டுப் போகிறவர்கள், போலீஸ் பிடித்த நேரத்தை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.