தேக்காவில் செலியாக் உள்ளவர்களுக்கு ஒரு மேசை

செலியாக் (கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) உள்ள நாலு தமிழர் சிங்கப்பூரில் சந்திக்க வேண்டுமானால் முதல் சிக்கல் எங்கே உட்கார்வது என்பதுதான். தேக்கா நிலையம் தோதான இடம். சந்தை, உணவங்காடி இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. சந்தைக்கு முழு மதிப்பெண், உணவங்காடிக்குப் பாதி.

கடைக்காரரிடம் "குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "அண்ணே, மைதா, ரவை, கோதுமை எதுவும் படக்கூடாது, கல்லுல ஒட்டினதுகூட ஆகாது" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை நோய் என்று நினைத்துச் சப்பாத்தியை நீட்டுபவர்களும் உண்டு!

அரிசி மாவில் மட்டும் பிழிந்த இடியாப்பம், தேங்காய்த் துருவல், பழுப்புச் சர்க்கரை: இருப்பதில் நல்ல தேர்வு இதுதான். இட்லியும் சரி. சாம்பார்தான் வில்லங்கம். பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தாளிக்காத தேங்காய்ச் சட்னி கிடைத்தால் வாங்குங்கள். தோசை மாவில் குற்றமில்லை, ஆனால் ரவா தோசையும் பரோட்டாவும் புரண்ட அதே கல்லில்தான் ஊற்றுகிறார்கள். சூட்டில் குளூட்டன் அழியாது. உளுந்து வடை, பூரி பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருந்தால் அதையும் விடுங்கள். குடிக்கக் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) போதும். மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. கூட வரும் சீன நண்பர் வாங்கும் சோற்றில் சோயா சாஸ் இருந்தால் அதிலும் கோதுமை வரும்.

வார நாளில், காலையிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் எந்தக் கடைக்காரருக்கும் உங்களுக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது.

சந்தைப் பக்கம் இந்தக் கவலையே இல்லை. மீன், கீரை, வாழைக்காய், தேங்காய் என்று வாங்கி ஒருவர் வீட்டில் சேர்ந்து சமைப்பதுதான் உண்மையான விருந்து. அரிசி மாவை மட்டும் மில்லில் அரைத்து வாங்காதீர்கள், முன்னால் கோதுமை ஓடிய இயந்திரமாக இருக்கலாம். பொட்டல மாவே மேல். சிங்கப்பூரில் பொட்டல உணவின் அட்டையில் கோதுமை, பார்லி, ரை (rye), ஓட்ஸ் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு பரோட்டாத் துணுக்கு விழுந்தாலே கணக்குத் தப்பிவிடும்.

இப்படிக் கூடும் இடத்துக்குத் தனக்கும் செலியாக்கோ என்ற சந்தேகத்தோடு புதிதாக ஒருவர் வந்தால், கோதுமையை உடனே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுச் சோதனையும் முடியும்வரை வழக்கம்போல் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் முடிவு பொய்யாக வரக்கூடும். நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவரவர் சமைத்துக் கொண்டுவரும் நாளில் பாத்திரத்தோடு பெருங்காய டப்பாவின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.