வழக்கை மாற்றுவதா, வழக்கறிஞரை மாற்றுவதா?

அரசு வழக்கறிஞர் ஆளும் தரப்பின் பக்கம் சாய்கிறார் என்று கருதும் அரசியல் தலைவருக்கு இரண்டு வழிகள் உண்டு: வழக்கையே வேறு மாநிலத்துக்கு மாற்றக் கோருவது, அல்லது அந்த வழக்கறிஞரின் நியமனத்தை எதிர்ப்பது. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் இரண்டையும் கையாண்டார்.

ஆதாரம்

இடமாற்றம்: வெறும் சந்தேகம் போதாது. குறுக்கு விசாரணைக்கு மீண்டும் அழைக்கப்பட்ட 76 சாட்சிகளில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கியபோதும், அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்குமாறு அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியதில் அந்த மௌனத்துக்குப் பெரும் பங்குண்டு.

நியமனம்: சாய்வை நிரூபிக்கவே தேவையில்லை; நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி போதும். தண்டனையை எதிர்த்து ஜெயலலிதா செய்த மேல்முறையீட்டில் அரசுத் தரப்பில் வாதிட வழக்கறிஞர் பவானி சிங்கைத் தமிழக அரசு நியமித்தது செல்லாது, அந்த அதிகாரம் கர்நாடக அரசுக்கே உரியது என்று 2015 ஏப்ரலில் தீர்ப்பானது.

காலம்

இடமாற்றம்: உத்தரவு 2003 நவம்பரில், விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 செப்டம்பரில்.

நியமனம்: சில மாதங்கள்.

பலன்

இடமாற்றம்: வழக்கு நடத்தும் பொறுப்பே வேறு அரசிடம் சென்றது.

நியமனம்: வாதங்கள் அதற்குள் முடிந்திருந்தன, மறுவிசாரணைக்கு உத்தரவிடாத உச்ச நீதிமன்றம், எழுத்துப்பூர்வ வாதத்தை மட்டுமே அனுமதித்தது. எனக்கு இது மிகக் குறைவான பரிகாரமாகவே படுகிறது.

சாட்சிகளும் காவல்துறையும் குற்றம்சாட்டப்பட்டவரின் ஆட்சிக்குக் கீழ் இருந்தால் இடமாற்றமே தக்க வழி. குறை ஒரே நியமனத்தில் இருந்தால் இரண்டாவது போதும், ஆனால் வாதம் தொடங்குமுன் மனு போட வேண்டும்.