வண்டி உழைக்கிறது, ஜாக்கெட்தான் ஏமாற்றியது

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கொடுத்த காசுக்கு உழைக்கிற வண்டி. 2021-இல் இந்த வண்டிக்கு வந்த புதிய 349 சிசி எஞ்சினில் பழைய உதறல் பெரும்பாலும் போய்விட்டது, 27 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை) இருப்பதால் ஏற்காடு மலை ஏறும்போது கியரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 195 கிலோ என்பதால் நெரிசலில் தள்ளுவதுதான் கஷ்டம், மற்றபடி ஆயிலும் செயினும் ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

வண்டி ஓட்டும்போது அடிபடாமல் இருக்கப் போடுகிற தோல் ஜாக்கெட் வேறு கதை. பெரிய பிராண்டு, பெரிய விலை, முதல் மழைக்காலம் முடிவதற்குள் அக்குள் தையல் விட்டுப்போச்சு, பிரித்துப் பார்த்தால் ஒற்றைத் தையல், முழங்கையில் வெறும் ஸ்பாஞ்ச்! இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கோபம் வராமல் இருக்குமா?

லோகோவைப் பார்க்காதீர்கள், உள்லேபிளைப் பாருங்கள். இஎன் 17092 (பைக் ஓட்டுபவர் உடைக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) என்று போட்டு ஏ, ஏஏ, ஏஏஏ என்று தரம் இருக்கும், ஏஏஏ தான் உச்சம். முழங்கை, தோள் பேடில் இஎன் 1621-1, அதாவது அடி தாங்கும் பேடுக்கான தர எண், இருக்க வேண்டும். பல ஜாக்கெட்டுகளில் முதுகு பேடு தனியாகத்தான் வாங்கணும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், நனைந்த தோலை வெயிலில் போடாதீர்கள், வெடித்துவிடும், நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள்.