பென்ஸா, பழைய ஜீப்பா: நாலு பேருக்குக் காட்ட எது?

எங்கள் குடும்பத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு வண்டிகள் வந்து சேர்ந்தன. பெரியப்பா மகன் புத்தம் புதிய மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் எடுத்தார். சித்தப்பா, வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த 1966-ஆம் ஆண்டு மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பை வாங்கி, பழுது பார்த்து, பச்சை வண்ணம் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் ஈச்சனாரி பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இரண்டையும் சுற்றிப் பார்க்கிறார்கள். இரண்டில் எது உசத்தி என்று கேட்கிறார்கள். வாங்கிய வண்டியைக் காட்டுவதில் ஒரு தவறும் இல்லை. உழைத்த காசில் வந்த பொருளைப் பார்த்து நாலு பேர் சந்தோஷப்படட்டும். இரண்டிலும் போய்வந்தவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

முதலில் பென்ஸ். இந்தத் தலைமுறை இ-கிளாஸ் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது. புணேயை அடுத்த சாக்கனில் பாகங்களை இணைத்து உருவாக்கப்படுகிறது. இங்கே விற்பது நீளம் கூட்டிய வகை. மொத்த நீளம் 5,092 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மட்டும் 3,094 மில்லிமீட்டர். சித்தப்பாவின் ஜீப்போ, முன் பம்பரிலிருந்து பின்முனை வரை மொத்தமாகவே 3,300 மில்லிமீட்டர்தான் வரும். கூட்டிய நீளம் முழுவதும் பின்னால் உட்காருகிறவருக்குப் போயிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சாய்மானம் 36 டிகிரி வரை பின்னுக்குப் போகிறது; முன்னிருக்கையைப் பின்னாலிருந்தே தள்ளி வைத்துக்கொண்டு காலை நீட்டிக்கொள்ளலாம். முழங்கால் வலிக்காரரான பெரியம்மா அதில் ஏறி உட்கார்ந்து, சென்னை போய் இறங்கும்வரை ஒருமுறைகூட இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணன் செலவழித்தது நியாயம் என்பேன்.

எஞ்சினிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு லிட்டர் பெட்ரோல், 204 குதிரைத்திறன், ஒன்பது கியர், உதவிக்கு 48 வோல்ட் மின்மோட்டார் ஒன்று. சிக்னலில் எஞ்சின் நிற்பதும் மறுபடி எழுவதும் உள்ளே இருப்பவருக்குத் தெரிவதே இல்லை.

ஆனால் காட்டுவது என்று வரும்போது பென்ஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கதவைத் திறந்து காட்டலாம். நடுத்திரையைக் காட்டலாம், உள்விளக்கின் வண்ணத்தை மாற்றலாம், பின்னிருக்கையைச் சாய்க்கலாம். முன்மூடியைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கறுப்பு பிளாஸ்டிக் உறைதான். அதற்குக் கீழே நடக்கும் அருமையான வேலையை அண்ணனாலும் காட்ட முடியாது, வந்தவராலும் பார்க்க முடியாது. ஆகவே பேச்சு நேராக விலைக்குப் போய்விடுகிறது. அறிமுக விலை, ஷோரூம் கணக்கில், 78.5 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அந்த விலைக்கு வரி மட்டும் 15.7 லட்சம். வரிப் பணத்தில் ஒரு நல்ல பழைய ஜீப்பை வாங்கிவிடலாமே என்று யாராவது சொல்ல, அண்ணன் முகம் வாடுகிறது. பாவம், அவர் காட்ட நினைத்தது காரை. வந்தவர்கள் பார்த்தது ரசீதை.

இனி ஜீப். சி.ஜே. 3பி என்பது அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த வண்டி. அங்கே 1968-இல் நிறுத்திவிட்டார்கள். உரிமம் பெற்ற மஹிந்திரா, இந்தியாவில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அதே வடிவத்தை விடாமல் செய்துகொண்டிருந்தது. காடும் மலையும் மண்சாலையுமாக இருந்த அன்றைய ஊர்களுக்குப் பொறியாளரும் வனத்துறையினரும் எஸ்டேட் துரைமாரும் போய்ச் சேர்ந்தது இந்த வகை வண்டியில்தான்.

இதைக் காட்டுவதற்குச் சித்தப்பா ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் முன்மூடி. ஜீப் குடும்பத்திலேயே இதற்கு மட்டும் நெற்றி உயரம். காரணம் எஞ்சின். பழைய எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் நுழையும் உள்வால்வு, புகை வெளியேறும் வெளிவால்வு இரண்டும் பக்கவாட்டில், சிலிண்டர்கள் உள்ள பிளாக்கில் இருந்தன. இதில் உள்வால்வை மேலே, பிளாக்குக்கு மூடிபோல் உட்காரும் ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளிவால்வு பிளாக்கிலேயே தங்கிவிட்டது. காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போயின, அதே 2.2 லிட்டரில் 60 குதிரைத்திறன் எழுபதைத் தாண்டியது. ஆனால் எஞ்சின் உயர்ந்துவிட்டது, மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இதை அவர் கொக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கி, விரலால் தொட்டுக் காட்டியே சொல்லிவிடுகிறார். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரிகிறது.

அடுத்து ஓட்டுநர் இருக்கையைத் தூக்குவார். அடியில் பெட்ரோல் டேங்க்! பார்ப்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். பிறகு தரையிலிருந்து எழும் மூன்று கம்பிகள். ஒன்று மூன்று கியர் பெட்டிக்கு. ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைக் கொடுக்க. இன்னொன்று உயர்வேகமா, தாழ்வேகமா என்று தேர்ந்தெடுக்க. தாழ்வேகத்துக்கு மாற்றினால் சக்கரத்தின் சுற்று ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடுகிறது. தோப்புக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரையில் இதை ஓட்டிக் காட்டினார். ஆக்சிலரேட்டரை மிதிக்கவே இல்லை. வண்டி நடக்கிற வேகத்தில், கல்லைத் தேடித் தேடிக் கால் வைத்து மேலே ஏறியது. பெரியப்பா வாய்விட்டு, “அடேயப்பா, நீயும் ஒரு வண்டிதானடா!” என்று அதைத் தட்டிக்கொடுத்தார். பென்ஸை அவர் தட்டிப் பார்த்ததில்லை. கைரேகை படும் என்ற பயம்.

கண்ணாடிச் சட்டத்தை முன்மூடி மேல் மடக்கிப் போட்டுவிட்டு ஊரைச் சுற்றினால், ஜீப்பைப் பற்றிச் சொல்ல எதிரே வருகிற எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. டீக்கடைப் பெரியவர் ஒருவர் எஸ்டேட்டில் இதே மாதிரி வண்டி ஓட்டியவராம். முதல் கியருக்கு, பற்சக்கரங்கள் உரசாமல் பொருந்த உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி ஓடும்போது போட வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே காலால் செய்து காட்டினார். நான் பழைய வண்டியின் பக்கம் சாய்வது இதனால்தான். இதைக் காட்டும்போது பார்க்கிறவரும் பேசுகிறார், தொடுகிறார், தன் கதையைச் சேர்க்கிறார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜீப் அசலாக இருக்க வேண்டும். நம் பக்கம் டீசல் மலிவாக இருந்த காலத்தில் ஏராளமான ஜீப்புகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். பிழைப்புக்குச் செய்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று வாங்குகிறவர்கள் செய்வதுதான் பொறுக்கவில்லை. உடலைவிட அகலமான டயர், கூரையில் கண்ணைப் பறிக்கும் விளக்கு வரிசை, காதைப் பிளக்கும் சைலன்சர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. அதைவிட, 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்காகக் கொண்டுவந்த விண்டேஜ் விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தபின் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே மேல். சித்தப்பா அதைத்தான் செய்தார்.

பாதுகாப்பில் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. பென்ஸில் ஏர்பேக், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் உண்டு. ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். நான்கு வழிச் சாலைக்கு இதில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதைச் சித்தப்பாவாகவே இருந்தாலும் தடுப்பேன். இன்னொரு கவலை பெட்ரோல். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டியில் கசிவு சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்து, ஒரு வண்டிக்குத்தான் வசதி என்றால், பென்ஸை எடுங்கள். அவர்களைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். வேலைக்கு ஒரு கார் ஏற்கெனவே இருந்து, மகிழ்வதற்கும் காட்டுவதற்கும் இன்னொன்று என்றால், யோசிக்காமல் ஜீப். வாங்கும் முன் பிளாக்கிலும் சேசிஸிலும் பொறித்த எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கியபின் முதல் செலவு வண்ணத்துக்கு வேண்டாம். பிரேக் சிலிண்டர்களுக்கும் பெட்ரோல் குழாய்களுக்கும் போகட்டும். சித்தப்பாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். குழாய்களை மாற்றி முடித்ததும் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அண்ணனும் வருகிறார், ஜீப்பில்.